இறக்கிவிட்டு வெளியே வந்தவர்

அவரோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்குப் பொறுமை தானாக வந்துவிடும். வராதவர்கள் வீடு மாறிப் போய்விடுவார்கள். நான் மாறவில்லை. அதற்காக என்னைப் பொறுமைசாலி என்று எண்ணிவிட வேண்டாம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் அப்படி ஒரு இடம் வேறு கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

உத்தியோகம் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தனியன்கள் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்து, சமையலுக்கு ஒருவரை வைத்துக்கொண்டு வாழ்வதைச் ‘சமறி’ என்போம். எங்கள் சமறியில் அவர்தான் மூத்தவர். யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரன் பெட்டி கட்டத் தொடங்கியிருந்த காலம். அவருக்கும் எனக்கும் தெகிவளைக்கு அப்பால் இருந்த விமான நிலையத்தில் வேலை. வயர்லெஸ் அறையில் அவர் மூத்த ஒப்பரேட்டர். நான் அவருக்கு அடுத்தவன்.

அவர் ஒரு விஷயத்தைச் சொன்னால் கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும். தலையாட்டினால் போதாது. ‘ஓம்’ என்றாலும் போதாது. திருப்பிச் சொல்லும்வரை அந்த இடத்தைவிட்டு அசையமாட்டார். காலையில் வேலைக்குப் புறப்படும்போது குசினி வாசலில் நின்று சமையல்காரரோடு தொடங்குவார்.

“நாளைக்கு மீன் வேண்டாம். நான் விரதம். என்ன சொன்னனான்?”

“மீன் வேண்டாம்.”

“ஏன்?”

“நீங்கள் விரதம்.”

“ம்.”

அந்த ‘ம்’ விழுந்த பிறகுதான் சமையல்காரர் மூச்சு விடுவார். பிறகு உள்ளே போய்ச் சட்டி பானையோடு நெடுநேரம் கதைப்பார். அவர் கதைத்தது என்னவென்று நான் இங்கே எழுத முடியாது.

சலூன்காரனும் அப்படித்தான், பாண் கொண்டுவரும் சிங்களப் பெடியனும் அப்படித்தான். கோயிலில் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கொடுத்துவிட்டு ஐயர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஐயர் ஒப்புவிப்பார். பிள்ளையாரும் திருப்பிச் சொன்னால்தான் இவர் கும்பிட்டுவிட்டு வருவார் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘எதிரொலியார்’. முகத்துக்கு நேரே ‘அண்ணை’.

உள்ளதைச் சொன்னால், அது எங்கள் தொழிலின் சட்டம். மேகத்துக்குள் பறக்கும் விமானம் மோர்ஸில் எங்களைக் கூப்பிடும். அந்த ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கருவியில் பார்த்து, இந்தத் திசைக்குத் திரும்பு, இவ்வளவுக்குக் கீழே இறங்காதே என்று நாங்கள் தட்டுவோம். விமானத்தில் இருக்கும் வயர்லெஸ்காரன் அதை அப்படியே திருப்பித் தட்டவேண்டும். அவன் திருப்பித் தட்டினால்தான் நாங்கள் சொன்னது சொன்னதாகும். மற்ற ஒப்பரேட்டர்மார் இந்தச் சட்டத்தை மேசையிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வருவார்கள். இவர் வீட்டுக்கும் கொண்டுவந்தார்.

ஒருநாள் எங்களோடு இருந்த தபால் கந்தோர்ப் பெடியனுக்குத் தந்தி வந்தது. அவன் குளித்துக்கொண்டிருந்தான். தந்தியை வாங்கியவர் அண்ணை. வெளியே வந்தவனை வாங்கில் இருத்தி, தோளில் கை வைத்து, “தம்பி, அம்மா போட்டா. நேற்றுப் பின்னேரம்” என்றார். அவன் சரியென்று தலையாட்டிவிட்டுத் துவாயை உதறிக் கொடியில் போட்டான். தலை சீவினான். சாப்பாடு ஆயத்தமா என்று கேட்டான். நாங்கள் திகைத்துப்போய் நின்றோம். இவர் அவனுக்கு முன்னால் போய் நின்றார்.

“நான் என்ன சொன்னனான்?”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இதிலுமா என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவர் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை.

“தம்பி. நான் என்ன சொன்னனான்?”

“அம்மா...” என்றான். பிறகு, “அம்மா செத்துப்போட்டா எண்டு சொன்னனீங்கள்” என்றான். சொல்லி முடித்ததும் நிலத்தில் குந்திக் குழறி அழத் தொடங்கினான். அவர் பக்கத்தில் இருந்து அவனை அணைத்துக்கொண்டார். ரயிலுக்கு அவனோடு கூடவே போனவரும் அவர்தான். அன்றிலிருந்து அவரைப் பகிடி பண்ணுவதில் எனக்கு முன்னைய ருசி இல்லை. கொஞ்சம் பயமும் வந்துவிட்டது.

அவருக்கு ஊரில் ஒரு தங்கச்சி. தகப்பன் இல்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு மாப்பிள்ளை பொருந்திவந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் துறைமுகத்தில் பெரிய கிளாக்கராக இருந்து பென்ஷன் எடுத்தவர். பேசி முடிக்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தேத்தண்ணி, வடை எல்லாம் முடிந்து, காணி, வீடு என்று இவர் தொடங்கியபோது பெரியவர் கையமர்த்தினார்.

“காணி பூமி கிடக்கட்டும் தம்பி. பொம்பிளையின்ர தமையன் கவுண்மேந்து உத்தியோகம். எனக்கு அதுதான் பெரிசு. நாளைக்கு ஒரு அந்தரம் ஆபத்தெண்டால் கேக்கிறதுக்கு ஒரு ஆம்பிளை வேணும்.”

“அதுக்கு நான் இருக்கிறன். என்ர உத்தியோகம் இருக்கும்வரைக்கும் தங்கச்சிக்கு ஒரு குறையும் வராது” என்றார் இவர். பிறகு பழக்கதோஷத்தில், “நான் என்ன சொன்னனான் ஐயா?” என்றும் கேட்டுவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

நல்லவேளை, பெரியவர் சிரித்தார். “உம்முடைய உத்தியோகம் இருக்கும்வரைக்கும் எண்டு சொன்னனீர்” என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆவணியில் நாள் வைப்பதென்று முடிவாயிற்று.

அரசாங்க ஊழியர் வேலைநிறுத்தம் என்ற பேச்சு அதற்குள் கந்தோர்களில் சூடுபிடித்துவிட்டது. எங்களுக்கு முழு உரிமையுள்ள தொழிற்சங்கம் வேண்டும் என்பதுதான் கோரிக்கை. தொழிற்சங்கம் வைக்கலாம், ஆனால் அது வாயைத் திறக்கக்கூடாது என்பதுபோல இருந்தது அரசாங்கத்தின் சட்டம். வேலைக்கு வராதவன் வேலையை விட்டவனாகவே கருதப்படுவான் என்று சுற்றறிக்கை வந்தது. வயர்லெஸ் அறைக்குத் தனியாக இன்னொன்று. ஆகாயத்தில் உயிர்களைச் சுமக்கிறவர்களுக்கும் அவர்களுக்கு வழி சொல்லுகிறவர்களுக்கும் வேலையை நிறுத்தும் உரிமை எந்தக் காலத்திலும் இல்லை. பேச்சுவார்த்தை நடக்கும்போது அப்படி நினைப்பதே துரோகம் என்றது அது. விமான நிலையத்துக்குப் பொறுப்பான வெள்ளைக்காரத் துரை அதை எங்கள் கதவில் ஒட்டினார். இவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார்.

புதுக்கடைப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் கூட்டம். எங்கள் கிளைக்குச் செயலாளர் பாமன்கடையைச் சேர்ந்த ஒரு சிங்களவர். அயலெல்லாம் தமிழர் என்பதால் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. வாய் பெரிது, மனமும் பெரிது. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது நிறுத்துவது சரியா என்று யாரோ பின்வரிசையிலிருந்து கேட்க, எங்கள் அண்ணை எழும்பினார்.

“எந்தப் பேச்சு? எத்தினை மாதமாய் நாங்கள் சொல்லிக்கொண்டிருக்கிறம். ‘கவனத்தில் இருக்கு’ எண்டு பதில் எழுதுறாங்கள். நாங்கள் என்ன கேட்டனாங்கள் எண்டு ஒருக்கால் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கோ பாப்பம். சொல்லமாட்டாங்கள். கேளாத காதோட என்ன பேச்சு?”

மண்டபம் சிரித்துக் கைதட்டியது. அதோடு இருந்திருக்கலாம். அவர் இருக்கவில்லை.

“ஆனால் நாங்கள் அறிவிச்சுப்போட்டு நிப்பாட்டவேணும். மதராஸ், திருச்சி, எல்லா இடத்துக்கும். இன்ன நேரத்துக்குப் பிறகு இங்க பதில் சொல்ல ஆள் இல்லை, வெளிக்கிடாதையுங்கோ எண்டு.”

செயலாளர் மேசையில் அடித்தார். “அய்யே, உங்களுக்கு என்ன விசரா? முன்னுக்கே சொன்னா துரை விமானப்படையில ஆள் கொண்டுவந்து குந்தவைப்பான். பிளேன் நிண்டாத்தான் அவனுக்கு நோகும்!”

“குந்தவைக்கட்டும். மேல நிக்கிறவனை இறக்கிறது எங்கட கடமை. கீழ நிக்கிறவனை ஏத்தமாட்டன் எண்டு சொல்லுறது எங்கட உரிமை. ரெண்டையும் போட்டுக் குழப்பாதையுங்கோ. நாங்கள் சொல்லாமல் விட்டு ஒருத்தன் விழுந்தானெண்டால், பிறகு உரிமை எண்டு கேக்க எங்களுக்கு வாய் இருக்காது.”

“அப்ப நீங்க எங்களோடயா, துரையோடயா?”

“உங்களோட. ஆனால் நான் அறிவிப்பன். ஒளிச்சுச் செய்யேல்லை, சபையில சொல்லுறன். என்ன சொன்னனான்?”

செயலாளரின் முகம் சிவந்துவிட்டது. “அறிவிப்பீங்க எண்டு சொன்னீங்க!” என்று கத்தினார். இவர் தன் இடத்தில் இருந்துவிட்டார்.

சொன்னபடியே அறிவித்தார். வேலைநிறுத்தத்துக்கு முதல்நாள் ஒவ்வொரு நிலையத்துக்கும் தட்டி, ஒவ்வொன்றும் திருப்பித் தட்டும்வரை காத்திருந்தார். துரை உடனே விமானப்படையிடம் ஆள் கேட்டதும் உண்மை. மறுநாள் பின்னேரத்துக்கு முன் அனுப்ப முடியாது என்று பதில் வந்ததும் உண்மை. எங்களுக்கு அதுவே போதுமாயிருந்தது.

மறுநாள் காலையிலிருந்தே மழை இருட்டு. கடலிலிருந்து மேகம் தென்னை உயரத்துக்கு இறங்கி நின்றது. வேலைநிறுத்தத்துக்குக் குறித்த மதிய மணி அடித்தது. அலுவலகத்துக்காரர், ஓடுபாதை துடைக்கிறவர், எல்லோரும் வாசலைப் பார்த்து நடந்தார்கள். நான் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன். அவர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றப்போனவர், கழற்றாமல் கையை அப்படியே வைத்துக்கொண்டார்.

“ஒருத்தன் கூப்பிடுறான்.”

திருச்சிக்குத் தெற்கே வயர்லெஸ் இல்லாத ஏதோ ஒரு சின்ன மைதானத்திலிருந்து கிளம்பிய வாடகை விமானம். எங்கள் அறிவிப்புப் போய்ச் சேராத ஒரே இடம். உள்ளே ஆட்கள். மேகத்துக்கு மேலே நிலம் தெரியாமல் நிற்கிறது. திரும்பிப் போக எண்ணெய் காணாது.

“நீ வெளிய போ” என்றார் என்னிடம்.

“நீங்கள் அண்ணை?”

“மணி அடிச்சிட்டுது. நீ வேலைநிறுத்தம். நான் இவனை இறக்கிப்போட்டு வாறன். என்ன சொன்னனான்?”

“இறக்கிப்போட்டு வாறீங்கள்.”

வெளியே போனேன். விறாந்தைக்கு அப்பால் கால் போகவில்லை. துரை என்னைத் தாண்டி உள்ளே போனார். மேசையில் இவர் இருப்பதைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. “நீ புத்திசாலி என்று எனக்குத் தெரியும்” என்றார் ஆங்கிலத்தில். இவர் திரும்பாமலே கையை உயர்த்தினார். துரை வாயை மூடிக்கொண்டார்.

வாசலில் இருந்தவர்களுக்கும் விஷயம் போய்விட்டது. ஆனால் பாதி விஷயம். அவர் எழும்பி வரவில்லை என்பது மட்டும் போனது. ஏன் என்பது போகவில்லை. “கருங்காலி!” என்று ஒரு குரல். பிறகு நூறு குரல். தகரக் கூரையில் ஒரு கல் விழுந்து உருண்டது. உள்ளே அவர் தட்டிக்கொண்டேயிருந்தார். ஒரு கையால் காதை அழுத்திப் பிடித்தபடி.

அப்போதுதான் செயலாளர் மழையில் நனைந்தபடி பின்பக்கத்துக் கொட்டிலைப் பார்த்து விரைவதைக் கண்டேன். எங்கள் அறைக்கு மின்சாரம் தரும் எஞ்சின் அங்கேதான் ஓடியது. நான் விழுந்தடித்து ஓடினேன். கொட்டிலுக்குள் எஞ்சின் இரைச்சலில் அவர் சுவிட்சில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“நிப்பாட்டாதேங்கோ! மேல ஒரு பிளேன் நிக்குது. உள்ள ஆக்கள் இருக்கினம்!”

“பொய். துரை சொல்லித்தந்த பொய்.”

“சத்தியமாய். நான் கேட்டனான்.”

“போ மல்லி. உன்ர அண்ணையைக் காப்பாத்தப் பாக்கிறாய்.” கோபத்தில் ‘தம்பி’ அவர் வாயில் சிங்களமாக வந்தது.

எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. கையைப் பிடித்து இழுக்க நான் அவ்வளவு பலசாலியும் இல்லை. அவர் முகத்துக்கு முன்னால் போய் நின்றேன்.

“நான் என்ன சொன்னனான்?”

“என்ன?”

“நான் இப்ப சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கோ. சொல்லிப்போட்டு நிப்பாட்டுங்கோ.”

“மேல பிளேன் நிக்குது” என்றார் எரிச்சலோடு. “உள்ள...” அங்கே நின்றுவிட்டார். எஞ்சின் இரைந்துகொண்டிருந்தது. “உள்ள ஆக்கள் இருக்கினம்” என்று மெதுவாகச் சொல்லி முடித்தார். அவர் கை சுவிட்சிலிருந்து தானாக இறங்கியது. பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் அங்கேயே நின்றோம்.

கடற்பக்கம் இரைச்சல் கேட்டது. முதலில் வலப்புறம், பிறகு காணாமல் போய், பிறகு தலைக்கு மேலே. கூச்சல் போட்ட கூட்டம் அடங்கி அண்ணாந்து பார்த்தது. மேகத்தைக் கிழித்துக்கொண்டு சக்கரங்கள் தெரிந்தன. விமானம் தண்ணீரைத் தெறிக்க விட்டுக்கொண்டு ஓடி நின்றது. கதவு திறந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு இறங்கினாள். செயலாளர் அங்கேயே குந்தி இருந்துவிட்டார்.

நான் வயர்லெஸ் அறைக்கு ஓடினபோது விமானியும் உள்ளே வந்தார். யுத்தத்தில் பறந்த ஒரு பஞ்சாபி இளைஞர். அதற்குள் இவர் காதிலிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்து, கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். எங்கே போகிறீர்கள் என்று விமானி ஆங்கிலத்தில் கேட்டார்.

“வேலைநிறுத்தத்துக்கு. உங்களை இறக்கவேண்டியிருந்ததால் பிந்திவிட்டது.”

விமானிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு சிரித்தார். “எங்கள் கம்பெனியோடும் இதே சண்டைதான். உயிர்களைச் சுமக்கிறவனுக்கு நிறுத்தும் உரிமை இல்லை என்கிறார்கள். பேச்சு முடியட்டும் என்கிறார்கள். பேச்சு முடிவதில்லை.”

துரை குறுக்கிட்டு, விமானம் எண்ணெய் நிரப்பிக்கொண்டு திரும்பிப் போகலாம், வழி சொல்ல மாற்று ஆள் வருகிறான் என்றார்.

“இவர் அந்த மேசையில் இல்லையென்றால் நான் கிளம்பமாட்டேன்” என்றார் விமானி.

“அது உன் வேலை இல்லை!”

“பறப்பதா இல்லையா என்பது மட்டுந்தான் சார் என் வேலை.”

அந்த விமானம் புல்லில் நின்றது. வேலைநிறுத்தம் முடியும் வரைக்கும் நின்றது.

அவர் குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். கூட்டம் அவரைத் தடுக்கவும் இல்லை, சேர்க்கவும் இல்லை. அவரைச் சுற்றி ஆளில்லாத ஒரு வட்டம். ‘கருங்காலி’ என்று இன்னும் ஒருவன் முணுமுணுத்தான். செயலாளர் வந்து அவர் குடைக்குள் நுழைந்து நின்றார்.

வேலைநிறுத்தம் தோற்றது. ஆட்கள் ஒவ்வொருவராக மன்னிப்பு எழுதிக் கொடுத்துத் திரும்பினார்கள். நானும் எழுதினேன், எனக்கும் ஊரில் அடுப்பு எரியவேண்டும். அவருக்கு மன்னிப்புக் கேட்கும் தேவையே இல்லை என்று துரை கூப்பிட்டுச் சொன்னார். மணி அடித்த பிறகும் மேசையில் இருந்தவர் வேலைநிறுத்தக்காரர் ஆகமாட்டார். அடுத்த நாட்களை லீவாகப் போட்டுவிடலாம். பேசாமல் வந்து இருந்தால் போதும். இவ்வளவு வசதி வேறு யாருக்கும் கிடைக்கவில்லை.

“நான் வேலைநிறுத்தம் செய்தேன்” என்றாராம் இவர். “பேசாமல் இருந்தால், வயர்லெஸ்காரன் வேலைநிறுத்தம் செய்யவில்லை, செய்யவும் முடியாது என்றுதான் நீங்கள் எழுதுவீர்கள். அப்படி எழுத நான் விடமாட்டேன்.” துரை மூன்று தரம் கேட்டாராம். மூன்று தரமும் அதே பதில்.

அன்று வீட்டில் நான் அவரோடு சண்டை பிடித்தேன். “விசரே உங்களுக்கு? தங்கச்சியை நினைச்சுப் பாத்தீங்களே?” என்று கத்தினேன்.

“நினைச்சபடியாத்தான் பயமாய்க் கிடக்கு” என்றார். அவர் பயம் என்ற சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. “ஆனால் செய்ததைச் செய்யேல்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது?”

கொட்டாஞ்சேனைக்கு அவரே போனார். பிறர் வாயால் போகும் முன் தான் சொல்லவேண்டும் என்றார். இந்த முறையும் நான் கூடப் போனேன். தேத்தண்ணி வந்தது, வடை வரவில்லை.

“ஐயா, எனக்கு உத்தியோகம் போட்டுது. தங்கச்சியின்ர காணியும் வீடும் சொன்னபடி இருக்கு. நானும் இருக்கிறன்” என்றார். வழக்கமாகக் கேட்கும் கேள்வியை அவர் கேட்கவில்லை. கேட்காமலே பெரியவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பெரியவர் வெற்றிலைத் தட்டைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், என்னைக்கூடப் பார்த்தார். இவருக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. தேத்தண்ணி ஆறி ஆடை கட்டியது. நாங்கள் எழும்பி வந்தோம். ஆவணியில் வைத்த நாளும் அதோடு போயிற்று. அந்தப் பெரியவரை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

அந்த வாரமே அவர் ஊருக்குப் போனார். பெட்டி ஒன்று, படுக்கைச் சுருள் ஒன்று. சமையல்காரர்தான் ஸ்டேஷனில் நின்று அழுதார்.

அவருடைய மேசை எனக்குக் கிடைத்தது. சம்பள உயர்வோடு. சில மாதம் கழித்து ஒரு நடுப்பகலில் அதே வாடகை விமானம் திருச்சிப் பக்கமிருந்து வந்தது. நல்ல வெயில், இறங்க ஒரு தொந்தரவும் இல்லை. கூப்பிட்டான், பதில் தட்டினேன். ஒவ்வொருவருக்கும் கையெழுத்து வேறுபடுவதுபோல மோர்ஸ் தட்டும் கையும் வேறுபடும். இரண்டு சொல் போதும், கை பிடிபட்டுவிடும். விமானத்து வயர்லெஸ்காரன் காற்றைப் பற்றிக் கேட்கவில்லை. பாதையைப் பற்றியும் கேட்கவில்லை.

‘நீ அவர் இல்லை. அவர் எங்கே?’ என்று தட்டினான்.

துரை என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் மோர்ஸ் தெரியும். வேலைநிறுத்தம் முடிந்து, பெயர்கள் மறந்து, கதவில் ஒட்டிய சுற்றறிக்கைகூட வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. வேலை நீக்கம் என்று தட்டலாம். ஊருக்குப் போய்விட்டார் என்று தட்டலாம். இரண்டும் உண்மை.

நான் தட்டினேன்: ‘வேலைநிறுத்தத்தில் இருக்கிறார்.’